காற்று நாளின் வருகைப் பதிவு

பூந்தா அரேனாசில் காற்றுக்கு விடுமுறை கிடையாது.
தெருமுனைகளில் நகராட்சி கயிறு கட்டியிருக்கும்,
பிடித்துக்கொண்டு கடக்க.
கொடியில் காயும் சட்டைகளாய்ப் படபடத்தபடி
அதைப் பற்றி வருவார்கள் என் பிள்ளைகள்.

மூன்றாம் வகுப்பு, இருபத்தாறு பேர்.
மார்ச் மாதம் சுவரில் ஒட்டினேன்:
"நாம் எல்லோரும் ஒன்றுபோலத்தான்."
எழுத்துக்கு ஒரு வண்ணம்.
கையெழுத்தில் எனக்கே கொஞ்சம் பெருமை.

யாஸ்னா மார்ட்டினிச் அதை வாசித்தாள்.
காதுகளுக்குப் பின்னால் இரண்டு நீலக் கருவிகள்.
தன்னைக் காட்டினாள். என்னைக் காட்டினாள்.
சுட்டுவிரலை இடவலமாய் ஆட்டினாள்.
இல்லை.
நான் புன்னகைத்தேன்,
குழந்தையின் பிழையைப் பெருந்தன்மையாய் மன்னிக்கிறவள்போல.

ஏப்ரலில் ஒருநாள் பந்து வேலி தாண்டிப் போனது.
"அங்கே! லாரிக்கு அடியில்!"
பத்துத் தொண்டைகள் கத்தின.
காற்று சொற்களை உதட்டிலேயே பிடுங்கி
நீரிணைப் பக்கம் வீசியது.
யாஸ்னா சீறும் கருவிகளைக் கழற்றிப் பைக்குள் போட்டாள்.
குட்டைச்சுவர்மேல் ஏறினாள்.
ஐம்பது மீட்டர் தள்ளி நின்ற நவுவேலுக்குக்
கைகளால் சொன்னாள்:
லாரி. அடியில். நாய் இருக்கு, பார்த்து.

பக்கத்து இருக்கைக்காரன். எப்போது கற்றானோ.
பந்தோடு வந்தான், கடிபடாமல்.

மறுநாள் இடைவேளையில் அவள்முன் வரிசை நின்றது,
பெயர் வாங்க.
கைமொழியில் பெயரை நாமே வைத்துக்கொள்ள முடியாதாம்.
அவள்தான் தரவேண்டும்.
தருமுன் உற்றுப் பார்ப்பாள்,
துறைமுகத்தில் நண்டு வாங்க வந்தவள்
நண்டைப் பார்ப்பதுபோல.

ஹைட்டியிலிருந்து வந்த வித்லினுக்கு
தோளருகே குலுங்கும் விரல்கள், பின்னல் மணிகளுக்காக.
கொன்ஸ்தான்சாவுக்கு விழுந்த பல்.
முளைத்த பிறகும் அதுவே பெயர்.

நவுவேலுக்குக் கன்னத்தில் பிறவி மறு,
கலஃபாத்தே பழம் நசுங்கிய நிறத்தில்.
கழுத்துத்துணியை மூக்குவரை இழுத்தே இருப்பான்.
இந்த ஊர்க் காற்று அவனுக்கு நல்ல சாக்கு.
யாஸ்னா இரண்டு விரலால்
தன் கன்னத்தைத் தொட்டாள்.

வகுப்பு மூச்சை அடக்கியது.
"அப்படியெல்லாம் வைக்கக் கூடாது" என்றேன்.
கரும்பலகையைப் பார்த்தபடி சொல்லியிருக்கிறேன்.
அவளுக்கு எப்படித் தெரியும்?

அவன் இரண்டு நாள் வரவில்லை.

மூன்றாம் நாள் வாசலில் துணி மூக்கில்தான்.
அவள் தூரத்திலிருந்து கூப்பிட்டாள்: இரண்டு விரல், கன்னம்.
திரும்பிவிட்டான்.
ஏன் அதை வைத்தாய் என்று கோபமாய்க் கேட்டான்.
வேறு எதை வைப்பது, என்றாள்.
உன் மூக்கு எல்லோர் மூக்கு மாதிரியே இருக்கு.

எந்த நாளில் துணி இறங்கியது?
குறித்துவைக்கவில்லை நான்.
ஜூலையில் ஒரு காலை அது ஹீட்டர்மேல் கிடந்தது,
மற்றவர்களின் ஈரக் கையுறைகளோடு.

என் பெயருக்கு அக்டோபர்வரை காத்திருந்தேன்.
பொறுக்காமல் நானே போய்க் கேட்டேன்.
பூ, புன்னகை, என் சிவப்புக் கண்ணாடி
என்று ஏதாவது வரும் என நினைத்து.
யாஸ்னா தோளுக்குமேல் கையை வளைத்துத்
தன் முதுகைத் தட்டிக் காட்டினாள்.

வகுப்பே சிரித்தது.
ஏப்ரலிலிருந்து அதுதானாம் என் பெயர்.
எனக்கு மட்டும்தான் தெரியாது.

அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன்,
ஒரு நாளில் எத்தனை வாக்கியங்களைக்
கரும்பலகைக்குக் கற்பித்திருப்பேன் என்று.
தொகை சொல்ல மாட்டேன்.

இப்போது எழுதுகிறேன்.
சுண்ணக்கட்டியை வைக்கிறேன்.
திரும்புகிறேன்.
பிறகுதான் பேசுகிறேன்.
சுவர் வாசகத்தில் "ஒன்றுபோலத்தான்" மேல்
யாரோ நண்டுப் படம் ஒட்டியிருக்கிறார்கள்.
விட்டுவிட்டேன்.

டிசம்பரில் யாஸ்னாவிடம் முறையிட்டேன்:
பார், நான் மாறிவிட்டேன், பெயரையும் மாற்றேன்.
சுட்டுவிரல் இடவலமாய் ஆடியது.
வைத்த பெயர் பெயராது.

காற்று நாளில், மைதானத்தின் அந்தக் கோடியில்,
கயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு
நவுவேல் மறுகையால் என்னைக் கூப்பிடுகிறான்.
முதுகு. முதுகு.

இதோ, என்று முகம் காட்டுகிறேன்.